இருபத்து மூன்று பேர் உள்ளே

புதன்கிழமை காலை பத்தே காலுக்கு ஜேசிபி வந்து சேர்ந்தது. முதலில் வண்டி பின்னால் நகரும்போது கத்துகிற அந்தப் 'பீப் பீப்', அப்புறம் இரும்பு வாளி கல்லில் உரசுகிற சத்தம். அடுப்பில் பால் இருக்கும்போதே அமுதவள்ளி வலது முழங்காலை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். மலையடி நகரின் பதினாறு வீடுகளில் அவள் வீட்டைத் தவிர மற்றவையெல்லாம் பூட்டிக் கிடந்தன. கத்திக் கூப்பிட ஒரு ஆள் இல்லை.

பார்க் இடத்தின் முகப்பில் அவள் போய் நிற்பதற்குள் வண்டி உள்ளே ஏறத் தொடங்கியிருந்தது. காக்கிச் சட்டை போட்டு ஓட்டுகிறவனுக்கு முப்பது வயது இருக்கும். அவள் இரண்டு கையையும் விரித்து மறித்தாள். அவன் சுற்றிக்கொண்டு போனான். "நிறுத்துப்பா, கலெக்டர் ஆபீஸ்ல மனு இருக்கு" என்று தொண்டை கிழியச் சொன்னாள். அவன் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினான். அதில் ஒரு சிரிப்பும் இருந்தது. நான்கு வருடமாக ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் அவள் பார்த்த அதே சிரிப்பு.

அந்த நேரத்தில் அவள் கை பக்கத்தில் நட்டிருந்த கல்லின் மேல் இருந்தது. முட்டி உயரக் கருங்கல். ஞாயிற்றுக்கிழமை பூசிய மஞ்சள் இன்னும் காயவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கல்லைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரு ஆளு உள்ள வர்றான். பாத்துக்க."

சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். போனில் கவுன்சிலரை அழைத்தாள். எடுக்கவில்லை. நகராட்சி ஆபீசில் எடுத்தவர், அதிகாரி மீட்டிங்கில் இருக்கிறார், எழுத்து மூலமாகக் கொடுங்கள் என்றார். எழுத்து மூலமாகப் பதினேழு தடவை கொடுத்தாயிற்று என்று அவள் சொன்னபோது, அப்படியானால் பதினெட்டாவதாகக் கொடுங்கள் என்று அவர் கோபமே இல்லாமல் சொல்லி வைத்துவிட்டார். பால் பொங்கி அடுப்பு அணைந்து கிடந்தது. துணியை எடுத்துத் துடைக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே சீராக. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வாளி மண்ணைத் தோண்டுகிற முக்கல் இல்லை, திரும்புகிற கிறீச்சு இல்லை. கால் மணி நேரமாக ஒரே சத்தம்.

மறுபடி போய்ப் பார்த்தாள். இடத்தின் மேற்கில், பள்ளம் ஆரம்பிக்கிற விளிம்பில், மஞ்சள் வண்டி வாளியை அரை உயரத்தில் தூக்கியபடி நின்றது. கதவு திறந்திருந்தது. சீட்டில் ஆள் இல்லை. படியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, வீட்டு வாசலில் கழற்றி விடுவது போல ஒழுங்காக, மூக்கு உள்பக்கம் பார்த்து. ஸ்டியரிங்குக்கு மேலே வைத்திருந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் 'வீடு' என்று எரிந்தது.

* * *

அந்த ஒன்றரை ஏக்கரை அவர்கள் பார்க்கு என்று சொன்னார்களே தவிர அங்கே பூங்கா எதுவும் இருந்ததில்லை. மனை போட்டபோது வரைபடத்தில் 'பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டது' என்று பச்சை அடித்திருந்தார்கள். அந்தப் பச்சையை நம்பித்தான் ஏலத்தோட்டக் கூலிகள் சீட்டுப் போட்டு மனை வாங்கினார்கள். இருபது வருடத்தில் யாரும் ஒரு ஊஞ்சல்கூடப் போடவில்லை. நான்கு வருடத்துக்கு முன் திடீரென்று அங்கே கல்யாண மண்டபம் வரப்போகிறது என்று ஒரு போர்டு வந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது அமுதவள்ளியின் அலைச்சல்.

மலையில் பெண்கள் கூட்டத்துக்கு எட்டு வருடம் கங்காணியாக இருந்தவள் அவள். சரிவில் விழுந்து முழங்கால் நழுவிய பிறகு ஜீப்பில் ஏற முடியாமல் வீட்டோடு நின்றுவிட்டாள். பகலில் காலனியில் இருப்பது அவள் ஒருத்திதான். பிள்ளைகள் எல்லாம் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும். பெரியவர்கள் விடியும் முன்பே ஜீப்பேறி மலைமேட்டைத் தாண்டித் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். மனு என்றால் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். ஆபீசுக்கு வா என்றால், ஒரு நாள் காய் எடுப்பு போயிருமே மதினி என்று நெளிவார்கள். அதிகாரிகள் வந்து பார்ப்பதும் பகலில்தான். "பார்க்கு வேணும்னு யாரு கேக்குறா? இங்க ஆளே இல்லையேம்மா" என்று ஒரு சர்வேயர் கேட்டபோது அவள் கையெழுத்துப் போட்ட மனுவை நீட்டினாள். மனுநீதி நாளில் கொடுத்தால் நகராட்சிக்கு அனுப்புவார்கள். நகராட்சி தாலுகா ஆபீசுக்கு அனுப்பும். தாலுகா ஆபீசில் வரைபடம் அந்தப் பக்கம் மட்டும் கிழிந்திருக்கும். அவள் நாற்பது புங்கங்கன்று வைத்தாள். பாதியை ஆடு தின்றது. மீதிக்குத் தினம் குழாய் பிடித்தாள்.

கல் நடுகிற யோசனை ஜீப் டிரைவர் சுடலையுடையது. சாமி இருக்கிற இடத்தில் எவன் கை வைப்பான் என்றான். எந்தச் சாமி என்று கேட்டபோது, மேலே சும்மா கிடக்குதே எண்ணிச்சாமி, அது பத்தாதா என்றான்.

எண்ணிச்சாமியை அமுதவள்ளிக்கு நன்றாகத் தெரியும். பழைய எஸ்டேட்டில் காட்டுக்குள் நுழைகிற இடத்தில், பலாமரத்தடியில் இருந்த கல். ஏலக்காட்டுக்குள் பத்தடி தள்ளி நிற்கிற ஆளைக்கூடப் பார்க்க முடியாது. மேகம் இறங்கினால் தன் கையே தெரியாது. யானை வேறு. அதனால் காலையில் ஆட்கள் உள்ளே போனதும் கங்காணி எல்லைக்கு வெளியே நின்றபடி கல்லைத் தொட்டு, இத்தனை பேர் உள்ளே வந்திருக்கிறார்கள், பார்த்துக்கொள் என்று சொல்ல வேண்டும். சாயங்காலம் அதே கங்காணி, இத்தனை பேரும் வெளியே போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப் போக வேண்டும். சொன்ன ஆட்களைச் சாமி பத்திரமாக வைத்திருக்கும். அமுதவள்ளி எட்டு வருடம் சொன்னவள். எட்டு வருடத்தில் அவள் கூட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு கீறல் இல்லை. பிறகு எஸ்டேட் கைமாறியது. புதிய முதலாளி மரத்தை வெட்டினார். வருகையைப் போனில் படம் எடுத்துப் பதியச் சொன்னார். கல் சாய்ந்து கிடந்தது.

சனிக்கிழமை சுடலை அதை உரச்சாக்குகளுக்கு அடியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலனியே திரண்டது. நான்கு வருடத்தில் அவள் பார்க்காத கூட்டம். முகப்பில் கல்லை நட்டு மஞ்சள் பூசினார்கள். காற்று அடுப்பைப் பற்ற விடாமல் அடித்ததால், இடத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் பள்ளத்துக்குள் இறங்கிப் பொங்கல் வைத்தார்கள். மறுநாளிலிருந்து காய் எடுப்பு மும்முரம் என்பதால், சாப்பிட்ட கையோடு பள்ளத்துக்குக் கீழே நிறுத்தியிருந்த இரண்டு ஜீப்பிலும் ஏறி, சனிக்கிழமை வரை மேலே எஸ்டேட் லயத்து வீடுகளிலேயே தங்குவதாகப் பேச்சு. பழைய பழக்கத்தில் யாரோ, கங்காணியம்மா, எண்ணிக்கை சொல்லுங்க என்று கேலி செய்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே எல்லைக்கு வெளியே நின்று, பள்ளத்து விளிம்பில் நின்ற தலைகளை எண்ணி, கல்லைத் தொட்டுச் சொன்னாள். இருபத்து மூன்று பேர் உள்ளே. அவள் புருஷன் முத்துக்கண்ணன் விளிம்பிலிருந்து கையை ஆட்டினான். நீலச் சட்டை போட்டிருந்தான். முழங்கால் விண்விண்ணென்று தெறிக்க, தனக்குப் பொங்கலை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டுப் படுத்துவிட்டாள்.

* * *

ஜேசிபியின் எஞ்சினை நிறுத்தக்கூட அவளுக்குத் தெரியவில்லை. மத்தியானம் டீசல் தீர்ந்து தானாக நின்றது. அந்த அமைதியில்தான் அவள் வாசனையைக் கவனித்தாள்.

ஈர வாசனை. அடிவாரத்துப் போடியில் ஆவணி மாதத்துக் காற்று புழுதியும் மாட்டுச்சாணமும் காய்ந்த புல்லுமாக அடிக்கும். கடைவீதிப் பக்கம் போனால் காய்ந்த ஏலக்காய் மணக்கும். இது அது இல்லை. அழுகிய இலை, பாசி, கருப்பு மண், உரித்த பச்சைக் காயின் காரம். சோலைக்குள் நாலு மாதம் வெயில் விழாத இடத்தின் வாசனை. இருபத்தைந்து வருடம் அவள் புடவையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த வாசனை. அது பள்ளத்திலிருந்து ஏறி, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக அவளை நோக்கி வந்தது.

அவள் நின்ற இடத்திலிருந்து பள்ளத்தின் அடி தெரியாது. விளிம்புக்கு மேலே சில இலை நுனிகள் மட்டும் தெரிந்தன. நீளமான, கரும்பச்சை இலைகள். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு செடியும் இல்லை. எவனோ போகும்போது ஏலக்கன்று நட்டுவிட்டுப் போயிருக்கிறான், கூறு கெட்ட பயல், இந்த வெயிலில் ரெண்டு நாள் தாங்குமா என்று திட்டிக்கொண்டாள். இறங்கிப் பார்க்கச் சரிவு பயம். முழங்காலைச் சாக்கு சொல்லிக்கொண்டு திரும்பினாள்.

வீட்டில் கால் கழுவும்போது கணுக்காலில் ஏதோ வழுக்கியது. அட்டை. கொழுத்து, கருத்து, விரல் தடிமனில். உப்பைத் தூவினாள். விழுந்தது. ரத்தம் நிற்காமல் வழிந்தது. மலைமேட்டைத் தாண்டிக் குளிரில் மட்டுமே இருக்கிற பூச்சி. கீழே போடி வெயிலில் அட்டையைப் பார்த்ததாக அவள் வாழ்நாளில் யாரும் சொன்னதில்லை.

* * *

வியாழக்கிழமை இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். காணாமல் போனவன் ராசிங்காபுரத்து அருள்பாண்டி. முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு ஓடியிருப்பான் என்பது அவர்கள் கணக்கு. இடம் முழுக்கச் சுற்றினார்கள், பள்ளத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்கள், சாவகாசமாகத் திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்கு யாரும் எண்ணிக்கை சொல்லவில்லை என்ற நினைப்பு அமுதவள்ளிக்கு அப்போது சும்மா வந்து போனது. உடனே அதை அமுக்கினாள்.

வயதான போலீஸ்காரர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். தன் மாமனாருக்கும் மேலே ஏலம் இருக்கிறது என்றார். "கீழ செடி ஜோரா வந்திருக்கேம்மா. ஆள் உசரம் நிக்குது. கடைசியில ஒண்ணு மட்டும் முட்டி உசரம். என்னா உரம் போடுறீங்க?"

நேற்று நுனி மட்டும் தெரிந்த செடிகள். அந்த ஆள் அந்தப் பள்ளத்தை விட்டு வெளியே போகவில்லை, நல்லாத் தோண்டிப் பாருங்க சார் என்று சொன்னாள். தோண்டவா, எதுக்கு என்று அவர் கேட்டார். அவள் பள்ளத்தின் பக்கம் கையைக் காட்டினாள். சந்தேகம் இருந்தால் ஸ்டேஷனுக்கு வந்து மனு எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மனு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலவும் வந்தது. இடத்தைக் காப்பாற்று என்று கேட்டாலும் மனு. ஆளைக் காப்பாற்று என்று கேட்டாலும் மனு.

சாயங்காலம் பாண்டீஸ்வரி வந்தாள். அருள்பாண்டியின் பெண்டாட்டி. அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். படியில் உட்கார்ந்து, அந்த ரப்பர் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, கடைசியா அவரப் பாத்தது நீங்கதானாம். என்னா பேசுனீங்க?"

"ஒண்ணும் பேசல ஆத்தா."

"சண்டை போட்டீங்களா? போட்டிருந்தாலும் பரவால்லக்கா. கோவத்துல ஏதாச்சும் சொன்னீங்களா, சொல்லுங்க. மனசு ஒடஞ்சா எங்கயாச்சும் போயி உக்காந்துக்கிரும் அது. எங்கன்னு தெரிஞ்சா நான் போயிக் கூட்டிட்டு வந்துருவேன்."

"வண்டிச் சத்தத்துல அவருக்கு எதுவும் கேக்கல" என்றாள் அமுதவள்ளி. அது பொய் இல்லை. அவனுக்குக் கேட்கவில்லைதான்.

பாண்டீஸ்வரி கடைசி பஸ்சுக்குப் போன பிறகு, விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் கல்லிடம் போனாள். தொட்டாள். மஞ்சள் விரலில் ஒட்டியது, நாலு நாளாகியும் ஈரம். அடிவாரத்து வெயிலில் கொதித்திருக்க வேண்டிய கல் ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது. "ஒரு ஆளு வெளிய போறான்" என்றாள். காத்திருந்தாள். பள்ளத்தில் சிள்வண்டு கத்தியது. மலைச் சிள்வண்டு, காதுக்குள் ஊசி போல இறங்குவது. யாரும் வரவில்லை.

* * *

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கவுன்சிலர், நான்கு வருடத்தில் முதல் முறையாக, தானே போன் செய்தார். சந்தோஷமான செய்தி என்றார். மண்டபத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். டிரைவர் காணாமல் போன இடத்தில் வண்டியை இறக்க எவனும் தயாராக இல்லையாம். சாமி கோபம் என்று ஊரெல்லாம் பேச்சு. முதலாளியே பயந்துவிட்டார். அந்த இடம் பார்க்காகவே இருக்கும், எழுதியே கொடுத்துவிடுவார்கள் என்றார்.

அமுதவள்ளி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பதினேழு மனு, பிளாஸ்டிக் கவரில் பத்திரப்படுத்திய ரசீதுகள், கால் கடுக்க நின்ற வராந்தாக்கள். ஒன்றுக்கும் அசையாதது ஐந்து நாளில் நடந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. யாரிடமாவது சொல்ல வேண்டும். முத்துக்கண்ணனுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. சுடலைக்கு அடித்தாள். அதுவும் அப்படியே. மேலே சிக்னல் கிடைக்காது, வழக்கம்தான்.

போனை வைத்ததும் அது அடித்தது. எஸ்டேட் சூப்பர்வைசர். மலையாளி. அவள் கங்காணியாக இருந்த காலத்திலிருந்து பழக்கம்.

"அமுதவல்லி சேச்சி, எந்தா இது? உங்க ஆளுக எப்போ வரும்? காய் பழுத்துப் போகுது."

"வந்துட்டாகளே சார். ஞாயித்துக்கெழம சாயங்காலமே கெளம்பிட்டாக."

"எங்க வந்தது? லயம் பூட்டியிருக்கு. திங்கள் முதல் ஒராளும் வந்தில்ல சேச்சி. சுடலைக்கு அடிச்சு அடிச்சு மடுத்து, அலுத்துப் போச்சு."

அவர் இன்னும் ஏதோ பேசினார். அவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை மனதில் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலில் படுத்திருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. யாரோ யாரையோ வெரசா வா என்று கூப்பிட்டார்கள். அதற்கப்புறம்? சுடலையின் ஜீப் கிளம்பும்போது அதன் பழைய எஞ்சின் மூன்று தடவை இருமும். காலனி முழுக்க அதிரும். தூங்குகிறவளையும் எழுப்பும்.

இருமலே கேட்கவில்லை.

அவள் எண்ணிக்கை சொன்னாள். உள்ளே வந்திருக்கிறார்கள் என்று சொன்னாள். மாத்திரை போட்டுப் படுத்துவிட்டாள். வெளியே போகிறோம் என்று யார் சொன்னது? அவள்தானே சொல்ல வேண்டும்.

* * *

உச்சி வெயில். செருப்புப் போட மறந்து வந்திருந்தாள். மண் முதலில் சுட்டது. பிறகு சுடவில்லை. பிறகு குளிர்ந்தது.

கல்லுக்கு வெளியே நின்று, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, காட்டுக்குள் கேட்கிற மாதிரி, பழைய கங்காணிக் குரலில் சொன்னாள்.

"வந்தவங்க இருபத்தி நாலு பேரும் வெளிய போறோம் சாமி. எங்களுக்கு எடம் வேணாம். ஆள விட்ரு."

காற்று நின்றது. இரண்டு மாதமாக ஓயாத காற்று. ஒரே அடியாக நின்றது.

யாரும் வரவில்லை. ஆனால் பள்ளத்தில் ஏதோ அசைந்தது. ஒரு சலசலப்பு. ஈர இலையோடு ஈர இலை உரசுகிற மாதிரி. காற்றே இல்லாமல்.

கங்காணி சொன்னால் மட்டும் போதாது, கூட்டியும் போக வேண்டும். அவளுக்கு ஞாபகம் வந்தது. உள்ளே போய்க் கூட்டி வர வேண்டும்.

ஜேசிபியைத் தாண்டினாள். வாளிக்குள் பாசி பிடித்திருந்தது. விளிம்பில் உட்கார்ந்தாள். முழங்காலை நீட்டிக்கொண்டு, உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கினாள். மண் கருப்பு. கையெல்லாம் ஈரம். கீழே வந்ததும் வெயில் மங்கியது. மேலே மரம் எதுவும் இல்லை. ஆனாலும் நிழல்.

பள்ளத்துக்கு அப்பால், புளியமரத்துக்குப் பின்னால், இரண்டு ஜீப். மேலே பைகள். படுக்கைச் சுருட்டுகள். கண்ணாடியில் பனி. எவரும் தொடாத கயிறு.

திரும்பினாள்.

ஏலச்செடிகள் வரிசையாக நின்றன. எட்டடிக்கு ஒன்று. தோட்டத்தில் நடுகிற அதே இடைவெளி. நான்கு வரிசை. தண்டுகள் மனிதத் தொடை கனத்தில். இலைகள் தலைக்கு மேலே வளைந்து மூடியிருந்தன. எல்லா இலைகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. முகப்பைப் பார்த்து. ரோட்டைப் பார்த்து. வருகிற ஆளைப் பார்க்கிற மாதிரி.

எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. இருபத்து ஒன்று. இருபத்து இரண்டு. இருபத்து மூன்று.

வரிசை முடிவில் ஒன்று. இடுப்பு உயரம். மற்றதைவிடச் சின்னது. அடியில் காக்கித் துணி.

கிட்டே போனாள். முதல் செடியின் தூரில் கம்மல் ஒன்று இலைக்காம்பில் தொங்கியது. அடுத்ததில் சுடலையின் சாவிக்கொத்து, தண்டுக்குள் பாதி புதைந்து. மண்ணில் அட்டைகள். நூற்றுக்கணக்கில். நிமிர்ந்து நின்று நெளிந்தன.

மூன்றாவது வரிசை. நீலத்துணி.

சட்டைதான். பொத்தான் போட்டபடி. உள்ளே தண்டு. கழுத்துப் பட்டைக்கு மேலே இலைகள் இறுக்கமாக மூடியிருந்தன. கையால் தொட்டாள்.

சூடு. உடம்புச் சூடு.

இலையை விலக்கினாள். விலக்காமல் இருந்திருக்கலாம். கண்கள் திறந்திருந்தன. வெள்ளை வேர்கள் கன்னத்தின் வழியே இறங்கிக் கழுத்துக்குள் போயிருந்தன. மூக்கருகே இலை ஒன்று மூச்சுக்கு ஆடியது. உள்ளே. வெளியே. உள்ளே.

"ஏங்க" என்றாள். கட்டிப் பிடித்தாள். இழுத்தாள். முழங்கால் நொறுங்கியது போல வலித்தது. இன்னும் இழுத்தாள். மண்ணுக்கடியில் ஏதோ மெல்லப் பிய்ந்தது. நாலு வரிசையும் ஒன்றாக முனகின. இருபத்து நான்கு தொண்டை.

நீலச் சட்டைக்குள்ளிருந்து அவள் புருஷன், வேலை நடுவே கூப்பிட்டவளுக்குப் பதில் சொல்கிற அலுப்போடு, மெதுவாகச் சொன்னான்.

"இழுக்காத அமுதா, இப்பத்தான் வேர் புடிச்சிருக்கு. நாங்க வெளிய வந்துட்டா எடத்த யாரு பாத்துக்குறது?"